மூன்று நிறப் பொட்டும் ஒரே மடிப்பும்

"எனக்குப் பார்த்தால்தான் புரியும்." "சொன்னாலே போதும், பிடிச்சுக்குவேன்." "நானே செஞ்சு பார்த்தாத்தான் ஏறும்." காகிதக் கலை வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்துக்குள் இந்த மூன்றில் ஒன்றை யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்கிற குரலில் ஒரு முன்னெச்சரிக்கை இருக்கும். பின்னால் தடுமாறப் போகிறோம் என்ற பயத்துக்கு இப்போதே ஒரு காரணம் தேடி வைக்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்துக் கொடுப்பேன். ஆளுக்கு ஆள் கற்றுக்கொள்ளும் விதம் வேறு என்பதை மறுக்க யாருக்கு மனம் வரும்? கேட்டவுடனே நியாயமாகப் படுகிற கருத்து அது. நியாயமாகப் படுவதனாலேயே அதை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குள் நெடுநாளாக நெருடிக்கொண்டிருந்தது.

ஒரு பட்டறையில் அந்த நெருடலுக்குத் தீனி கிடைத்தது. ஏற்பாடு செய்தவர் அக்கறையானவர், நிறைய வாசித்திருந்தார். பங்கேற்பவர்களிடம் முன்கூட்டியே ஒரு படிவம் நிரப்பி வாங்கி, அவர்களைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மூன்றாகப் பிரித்திருந்தார். பெயர் அட்டையில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று ஆளுக்கொரு பொட்டு. மேசையும் மூன்று. நீல மேசைக்கு வரைபடமும் திரையும், பச்சை மேசைக்கு என் வாய், ஆரஞ்சு மேசைக்குக் கட்டுக்கட்டாகத் தாள். நான் மூன்றுக்கும் நடுவில் அலைய வேண்டும். பாடம் கொக்கு, ஒரிகாமி என்றதும் எல்லார் மனத்திலும் வருகிற அதே கொக்கு.

முதல் மடிப்புகளில் மூன்று மேசைக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. மூலைக்கு மூலை மடி, பிரி. ஓரத்துக்கு ஓரம் மடி, பிரி. மூலைக்கு மூலை மடித்த கோடுகள் மேலே புடைக்கும் மலை மடிப்பாகவும் ஓரத்துக்கு ஓரம் மடித்த கோடுகள் உள்ளே குழியும் பள்ள மடிப்பாகவும் இருக்கப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் சதுர அடித்தளம் என்கிற சின்னச் சதுரம் வந்துவிடும். சிலர் முந்தினார்கள், சிலர் பிந்தினார்கள். முந்தியவர்களிலும் பிந்தியவர்களிலும் மூன்று நிறமும் கலந்துதான் இருந்தது. அடுத்தது இதழ் மடிப்பு. அங்கே மூன்று மேசையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்றன.

மடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் தெரியும். சதுர அடித்தளத்தின் திறந்த முனையை நம்மை நோக்கி வைத்து, மேல் அடுக்கின் இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடிக்கிறோம். மேலே மிஞ்சுகிற சிறு முக்கோணத்தைக் கீழ்நோக்கி மடித்து நகத்தால் நீவி விடுகிறோம். பிறகு மூன்றையும் பிரித்துவிட்டு, கீழ்முனையில் ஒரே ஒரு தாளை மட்டும் பிடித்து மேலே கொண்டுபோக வேண்டும். போகப்போக இரண்டு பக்கமும் உள்ளே வந்து படுக்க வேண்டும். அதற்குச் சற்று முன் போட்ட மடிப்புகளில் சில எதிர்ப்பக்கம் திரும்பியாக வேண்டும். பாதி வழியில் தாள் படகாகக் குழிந்து நிற்கும். அந்த நிலையில் பார்ப்பவருக்கு அது தப்பாகிவிட்டதாகத்தான் தோன்றும். தோன்றியதும் கையை எடுத்துவிடுவார்கள், தாள் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

நீல மேசையில் ஓர் அம்மா இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இன்னொரு தடவை காட்டுங்க. நான் பார்த்துக் கத்துக்கிறவ" என்றார். காட்டினேன். திரையில் மெதுவாக ஓட்டியும் காட்டினேன். கண் இமைக்காமல் பார்த்தார், தன் தாளை எடுத்தார், படகு வந்தது, விட்டுவிட்டார். மறுபடி காட்டச் சொல்வதற்கு அவருக்கே கூச்சமாகிவிட்டது. நான் மடித்து முடித்திருந்த கொக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"பிரிச்சுப் பாருங்கம்மா."

"பிரிச்சா வீணாயிடாதா?"

"பேப்பர்தானேம்மா."

இறக்கையை இறக்கினார். கழுத்தையும் வாலையும் வெளியே இழுத்துக் கீழே விட்டார். இதழ் வரை வந்ததும் அதன் நுனியைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். இரண்டு பக்கமும் தாமாக விரிந்தன. அங்கேயே நிறுத்தி, திரும்ப மேலே கொண்டுபோனார். பக்கங்கள் தாமாக உள்ளே வந்து படுத்தன. மேலே, கீழே, மேலே, கீழே என்று கதவைத் திறந்து மூடுகிற குழந்தையைப்போல விடாமல் செய்துகொண்டிருந்தார். கோடுகள் ஏற்கெனவே அந்தத் தாளில் பதிந்திருந்ததால் அதற்கு வேறு வழியே தெரியாது. பிறகு தன் தாளை எடுத்தார். படகு வந்தது. இந்தமுறை கையை எடுக்கவில்லை. "இது தூக்குறது இல்ல தம்பி, திறக்கிறது" என்றார்.

இத்தனை முறை காட்டிய என் விரல்களும் வரைபடத்தின் அம்புக்குறியும் அவருக்குச் சொன்னது "தூக்கு" என்பதை மட்டும்தான். திறக்கிற வேலை நடப்பது மேல் தாளுக்கு அடியில்; முன்னாலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அவர் பார்த்துக் கற்பவரா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை, பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பத்து நிமிடத்துக்குள் பச்சை மேசையிலிருந்து ஒருவர் எழுந்துவந்து "எங்களுக்கும் ஒண்ணு பிரிச்சுக் குடுங்க சார்" என்று கேட்டார். ஆரஞ்சு மேசையும் கேட்டது. செய்து கற்பவர்கள் என்று எழுதிக் கொடுத்தவர்கள் அதுவரை செய்துகொண்டேதான் இருந்தார்கள். எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாமல் செய்வது தாளைத்தான் நைய வைத்தது.

ஆராய்ச்சிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்

வீட்டுக்கு வந்து வாசிக்க உட்கார்ந்தேன். பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்தல் என்ற நால்வகைப் பிரிவை 'வார்க்' என்ற பெயரில் பரப்பியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங். அவரும் காலீன் மில்ஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1992இல் வந்தது. பட்டறைப் படிவத்தில் ஏனோ வாசித்து எழுதுவதை விட்டுவிட்டார்கள். இது ஒன்றுதான் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2004இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் அவருடைய குழுவினரும் தேடியபோது கற்றல் பாணிகளுக்கென்று 71 மாதிரிகள் கிடைத்தன. மனிதர்களை வகைப்படுத்த 71 வழி!

என் சந்தேகத்துக்கு நேராகப் பதில் சொன்னது 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் மூவரும் எழுதிய ஆய்வுரை. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ஒருவருக்கு ஒரு பாணி பிடிக்கும் என்பதை விடுங்கள். அந்தப் பாணியில் கற்றுக்கொடுத்தால் அவர் இன்னும் நன்றாகக் கற்கிறார் என்று யாராவது முறையாகக் காட்டியிருக்கிறார்களா? காட்ட வேண்டுமென்றால், பார்த்துக் கற்பவர்களில் பாதிப் பேருக்குக் காட்டியும் மீதிப் பேருக்குச் சொல்லியும் கொடுக்க வேண்டும். கேட்டுக் கற்பவர்களுக்கும் அப்படியே. கடைசியில் எல்லாருக்கும் ஒரே தேர்வு. பார்ப்பவர்கள் பார்த்தும் கேட்பவர்கள் கேட்டும் முந்தினால்தான் பொட்டு ஒட்டியதற்கு அர்த்தம். அப்படிப்பட்ட போதுமான சான்று இல்லை என்பதே அவர்கள் முடிவு. 2018இல் வெளியான இன்னொரு ஆய்வு இந்தியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படிக்கும் மாணவர்களைப் பின்தொடர்ந்தது. பெரும்பாலானவர்கள் தங்கள் 'வார்க்' வகைக்கு ஏற்றபடி படிக்கவே இல்லை. படித்தவர்களுக்கும் அதனால் மதிப்பெண் கூடவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு வெற்றிக்களிப்பு வந்துவிடவில்லை. "எனக்குப் பார்த்தால்தான் புரியும்" என்று சொல்கிறவரிடம் போய் அது கட்டுக்கதை என்று சொல்வதில் என்ன பெருமை? அந்த வாக்கியத்துக்குள் பள்ளிக்கூடத்தில் பட்ட ஒரு காயம் இருக்கலாம். நான் மக்கு இல்லை, எனக்கேற்றபடி யாரும் சொல்லித்தரவில்லை என்பதன் மரியாதையான வடிவம் அது. அந்த மரியாதையைப் பிடுங்க எனக்கு விருப்பமில்லை. அதே நேரம், அந்தப் பொட்டு அவரை ஒரு மேசையோடு கட்டிப் போட்டுவிடுகிறது என்பதும் கண்ணுக்கு முன்னால் நடந்தது.

பிறகு வித்தியாசம் எங்கே இருக்கிறது

வித்தியாசமே இல்லை என்று சொன்னால் ஒரு நாள்கூட வகுப்பெடுத்தவர் நம்பமாட்டார். ஒரே வயது, ஒரே தாள், ஒரே விளக்கம்; ஒருவர் முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் இருப்பவர் இன்னும் தாளைத் திருப்பிக்கொண்டிருப்பார். காகித மடிப்புக்கும் இதற்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு. மனத்துக்குள் வடிவங்களைத் திருப்பிப் பார்க்கும் திறனை அளக்க உளவியலாளர்கள் வைத்திருக்கும் தேர்வுகளில் ஒன்றின் பெயரே 'காகித மடிப்புத் தேர்வு'. ஒரு சதுரத் தாளை மடித்து மடித்துக் காட்டி, அதில் ஓர் ஓட்டை போடுவதாகப் படம் இருக்கும். பிரித்தால் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கும் என்று ஐந்து படங்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சிலர் சட்டென்று சொல்வார்கள், சிலருக்கு அது பெரிய மலை. 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் நடத்திய சோதனையும் இதையொட்டியதே: இரண்டு முப்பரிமாண உருவங்கள் ஒன்றுதானா என்று சொல்ல ஆகும் நேரம், ஒன்று மற்றதிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போனது. எதிரே நின்று சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் எல்லா மடிப்பையும் 180 பாகை திருப்பித்தான் காட்டுகிறார் என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். கற்பவர் மடிப்பையும் கற்க வேண்டும், ஒவ்வொரு முறையும் படத்தைத் திருப்பவும் வேண்டும். அதனால் நான் இப்போது எதிரே நிற்பதில்லை. பக்கத்தில் உட்காருகிறேன், அல்லது அவர்கள் தோளுக்கு மேலிருந்து பார்க்கிற கோணத்தில் கேமராவை வைக்கிறேன்.

இந்தத் திறன் பிறப்பில் வந்து அப்படியே நின்றுவிடுவதும் இல்லை. 2013இல் டேவிட் உட்டலும் மற்றவர்களும் 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பயிற்சியால் இது வளர்கிறது, வளர்ந்தது கொஞ்ச காலம் நிலைக்கவும் செய்கிறது என்று எழுதினார்கள். பாணி என்று பெயரிட்டால் அது ஒருவருடைய இயல்பாகிவிடுகிறது. திறன் என்று சொன்னால் இன்று இல்லாதது அடுத்த மாதம் வரலாம்.

மற்ற வித்தியாசங்கள் இதைவிடச் சாதாரணமானவை, ஆனால் படிவத்தில் யாரும் கேட்காதவை. கிட்டப் பார்வை மங்கியவர்கள், இடது கைக்காரர்கள், விரல் மூட்டு வலிப்பவர்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு வந்தவர்கள். கடைசி வகைக்கு மடிப்பை அழுத்தித் தேய்க்கிற நீவுகோல் ஒன்று கொடுத்தால் போதும், அவர்கள் மடிப்பு அன்றைக்கே கூர்மையாகிவிடும். தாளே செய்கிற சதியும் உண்டு. வாழ்த்து அட்டை செய்யும் வகுப்பு ஒன்றில் ஒருவருடைய மடிப்பு மட்டும் நெளிந்து, வெடித்து, வெள்ளை நார் தெரிந்துகொண்டே இருந்தது. "எனக்குக் கை வராது சார்" என்றார். அவர் அட்டையை வாங்கி இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பார்த்தேன். ஒரு திசையில் எளிதாக வளைந்தது, மறு திசையில் முரண்டு பிடித்தது. இயந்திரத்தில் தாள் ஓடும்போது நார்கள் அந்த ஓட்டத்தின் திசையிலேயே பெரும்பாலும் படிந்துவிடும். அந்தத் திசையோடு மடித்தால் கோடு சுத்தமாக வரும், குறுக்கே மடித்தால் வெடிக்கும், 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம்) எடையுள்ள கெட்டி அட்டையில் இது அப்பட்டமாகத் தெரியும். அவருக்குக் கிடைத்த துண்டு குறுக்காக வெட்டப்பட்டிருந்தது. திசை மாற்றி வெட்டி, மடிக்கும் முன் மழுங்கின முனையால் ஒரு கோடு கீறிக் கொடுத்ததும் கை வந்துவிட்டது.

மடிப்பைக் கேட்டு முடிவு செய்தல்

அந்த அம்மாவுக்குப் பிறகு நான் ஆளைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பதை விட்டு, மடிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தேன். மூலைக்கு மூலை மடிப்பதைச் சொன்னாலே போதும், படம் வேண்டாம். காகிதத்தைச் சுருட்டி உருவம் செய்யும் குவில்லிங்கில் பட்டை எத்தனை மில்லிமீட்டர், திறந்தால் உருவம் எழுந்து நிற்கும் பாப்-அப் அட்டையில் வெட்டு எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் பலகையில் எழுதிப் போட வேண்டியவை. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இதழ் மடிப்புக்குப் பிரித்துப் பார்க்க ஒரு பண்டம் வேண்டும். கழுத்தை உள்பக்கமாகத் திருப்பும் மடிப்புக்கும் அப்படியே.

வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "எனக்கு டயகிராம் புரியாது" என்பவர்கள் தங்களைக் கேட்டுக் கற்பவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த வரைபடம் ஒரு குறியீட்டு மொழி. விட்டுவிட்டு வரும் கோடும் அம்புக்குறியுமாக அதை உருவாக்கியவர் ஜப்பானின் ஒரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா. 1954இல் அவர் வெளியிட்ட நூலிலிருந்து அது பரவியது. 1960களில் சாமுவேல் ராண்ட்லெட்டும் ராபர்ட் ஹார்பினும் அதை எடுத்துக்கொண்டு மேலும் ஒழுங்குபடுத்தினார்கள். யாரும் பிறக்கும்போதே அதை வாசிப்பதில்லை. அதை வாசிக்க ஒரே ஒரு சூட்சுமம் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது: ஒரு படத்தில் இருக்கும் அம்பு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது, செய்த பிறகு தாள் எப்படி இருக்கும் என்பது அடுத்த படத்தில்தான் இருக்கிறது. ஆகவே மடிக்கும் முன் அடுத்த படத்தையும் பார். புதிதாக வருபவர்கள் அநேகமாக எல்லாருமே ஒரு படத்திலேயே கண்ணை நட்டு வைத்துக்கொண்டு திணறுகிறார்கள்.

சொல்லிக்கொடுப்பதிலும் இப்படி ஒன்று உண்டு. பச்சை மேசையில் ஒருவர் மடிக்கும்போது தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். காது கொடுத்துக் கேட்டேன். "வாய் கீழ… முதுகு மேல… ஒத்தைத் தாளு…" திறந்த முனைக்கு வாய், மூடிய முனைக்கு முதுகு என்று அவரே பெயர் வைத்திருந்தார். நான் "இதை இங்கே, இப்படி" என்று சொல்லிக்கொண்டிருந்த இடங்களில் அவருடைய சொற்கள் கனகச்சிதமாக உட்கார்ந்தன. அவற்றை அப்படியே திருடிக்கொண்டேன். இப்போது நான் "வாய் உங்களைப் பார்க்கட்டும்" என்றால், படத்தை மட்டும் நம்புகிறவர்கள்கூடத் தாளைச் சரியாகத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொரு மாற்றம், ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திய தாளை வரிசையாக ஓர் அட்டையில் ஒட்டி மேசைக்கு ஒன்றாக வைப்பது. வீடியோவும் பேச்சும் ஓடிப் போய்விடுகிறவை. போனதை நினைவில் தாங்கிக்கொண்டு கையையும் ஓட்ட வேண்டியிருப்பதுதான் பாரம். நினைவில் ஒரே நேரத்தில் தாங்கக்கூடியது கொஞ்சம்தான் என்பதை வைத்துக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988 முதல் கட்டியெழுப்பிய கோட்பாடு இதற்குப் பொருந்துகிறது. ஒட்டிய தாள் ஓடாது. வேண்டும்போது தொட்டுப் பார்க்கலாம், மடிப்புக்கு அடியில் விரல் விட்டுப் பார்க்கலாம். ஆனால் ஏற்கெனவே கொக்கு தெரிந்தவர்களுக்கு அதே அட்டை தொந்தரவு. ஒவ்வொரு கட்டத்தையும் தங்கள் தாளோடு ஒப்பிடத் தொடங்கி வேகம் குறைந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு மடிப்புக் கோடுகள் மட்டும் வரைந்த ஒரு சதுரத்தைக் கொடுத்து, இது என்ன என்று கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுவேன். மற்றவர்கள் நிம்மதியாக மடிப்பதற்கு அதுவும் ஓர் உபாயம்.

ஒரு விஷயத்தில் மட்டும் என்னோடு வகுப்பெடுக்கும் தோழிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. கற்பவருடைய தாளை நான் தொடுவதில்லை. அவர் சிக்கிக்கொண்டால் பக்கத்தில் என் தாளை வைத்து அதே இடம் வரை மடித்து, அங்கிருந்து சேர்ந்து போவேன். நான் ஒருமுறை வாங்கி மடித்துக் கொடுத்துவிட்டால், தாளில் கோடு பதிந்துவிடும், கைக்கு ஒன்றும் தெரியாது. "நீ பிரிச்சுக் குடுக்கிற கொக்கிலயும் உன் கோடுதானே இருக்கு?" என்று அவள் மடக்குவாள். அதுவும் சரிதான். ஆனால் அந்தக் கொக்கை அவர்களே பிரிக்கிறார்கள், அவர்களே திரும்ப மடிக்கிறார்கள். என் கை அங்கே இல்லை. பாப்-அப் அட்டையில் பசை தடவும் கோணத்தைக் கையைப் பிடித்து ஒருமுறை காட்டிவிட்டால் பத்து அட்டை வீணாகாமல் போகும் என்பது அவள் கட்சி. பசைக்கு அது பொருந்தும் என்று விட்டுக்கொடுத்துவிட்டேன், காய்ந்த பசையைப் பிரித்துப் பார்க்க முடியாதே. மடிப்புக்கு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.